ஊர் சொல்ல வேண்டிய பெயர்

1

எனக்குப் பாட்டு வராது என்று இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பதிமூன்று வருஷத்துப் பொய் அது. அயர்லாந்தின் மேற்குக் கரையில், வருஷத்தில் முக்கால்வாசி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். வியாழக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பெரியவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூடத்துக்குத் தள்ளி வருவோம். அது பாட்டு நேரம்.

போன வியாழன் பேட்ரிக் பாடினார். தொண்ணூறைத் தாண்டியவர். பெற்ற மகளின் பெயர் மறந்துவிட்டது, சாப்பிட்டோமா இல்லையா என்பது மறந்துவிடுகிறது. ஆனால் அவர் அப்பா காலத்தில் துறைமுகக் கூலிகள் வேலைநிறுத்தத்தில் பாடிய பாட்டு மட்டும் ஒரு சொல் பிசகாமல் வருகிறது. அதைப் பாடியதற்காக அவர் அப்பாவை உள்ளே போட்டார்களாம். இப்போது அதே பாட்டுக்கு எல்லோரும் கை தட்டினார்கள், மேலாளர் அம்மா கேக் வெட்டிக் கொடுத்தாள். இந்த ஊரில் கலகப் பாட்டுகளெல்லாம் ரிட்டயர் ஆகி, பென்ஷன் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கின்றன.

"ஜெசிந்தா, நீ ஒன்று பாடேன், உங்கள் ஊர்ப் பாட்டு" என்றாள் மேலாளர்.

"எனக்குப் பாட்டு வராது" என்றேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன். திரும்பி வந்து பேட்ரிக்கின் வாயில் ஒட்டியிருந்த கேக்கைத் துடைத்துவிட்டேன்.

திருச்சியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு என் குரல் தெரியும். உங்கள் போனில்கூட அது வந்திருக்கலாம். ஆனால் அது என் குரல் என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2

நாங்கள் திருவெறும்பூர்க்காரர்கள். அப்பா அந்தோணிசாமி வெல்டர். பெரிய ஆலைக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில், கடைசி வரை கான்ட்ராக்ட் ஆளாகவே இருந்தார். நானும் என் தங்கை ரோஸ்லினும் கோயில் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். பூசையில் பதிலுரைப் பாடல் என்று ஒன்று உண்டு. ஒருத்தி ஒரு வரி பாடி நிறுத்துவாள், சனம் மொத்தமும் பதில் சொல்லும். அதில் கஷ்டமான விஷயம் பாடுவதில்லை, நிறுத்துவதுதான். சரியான இடத்தில் நிறுத்தி, வாயை மூடிக்கொண்டு, பதில் வருகிறவரை காத்திருக்க வேண்டும். எனக்கும் ரோஸுக்கும் அது ஏழு வயதிலேயே வந்துவிட்டது.

அப்பா கம்பெனியில் போராட்டம் வந்தபோது இந்த வித்தையை வாசலுக்குக் கொண்டுபோனோம். தங்கராசு அண்ணன் தப்பு அடிப்பார். அவரும் அப்பாவைப் போல ஒரு வெல்டர்தான். நான் பாட்டு எழுதுவேன். நானும் ரோஸும் பாடுவோம். எங்கள் பாட்டெல்லாம் கேள்வியாகவே இருக்கும். யார் இதைச் செய்தது, யார் அதைப் பறித்தது என்று கேட்டுக்கொண்டே போய், பதில் வரவேண்டிய இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுவோம். தப்பில் இரண்டு அடி விழும். பெயரை வாசலில் நிற்கிற சனம் சொல்லும். நாங்கள் சொல்ல மாட்டோம். ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருமுறை எங்கள் மூன்று பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதலாளி பெயரைச் சொல்லித் திட்டியதாகப் புகார்.

"நாங்க பேரே சொல்லலைங்க சார்" என்றாள் ரோஸ். அவளுக்கு அப்போது பதினாறு வயது.

"அப்ப யாரு சொன்னது?"

"எல்லாரும்ங்க."

"எல்லாரும்னா? எல்லார் பேரையும் எழுதிக் குடு."

தங்கராசு அண்ணன் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு, "அறுநூறு எழுநூறு பேர் இருக்கும் சார். பேப்பர் இருக்குங்களா?" என்றார்.

இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அது பயந்து செய்த தந்திரம் என்று இப்போது யாராவது நினைத்தால் தவறு. நாலு பேர் பாடினால் அது நாலு பேரின் கோபம். பெயரை ஊர் சொன்னால்தான் ஊரின் கோபம். தவிர, நாங்கள் நிறுத்தியும் சனம் பெயரைச் சொல்லவில்லை என்றால், எங்கள் பாட்டில் ஏதோ பொய் இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். இரண்டு தடவை அப்படி ஆகியிருக்கிறது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து பாட்டை மாற்றினோம்.

3

பிறகு நான் நர்சிங் முடித்தேன், கல்யாணம் ஆனது, நாலு வயது அருளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. இங்கே எல்லோரும் என்னை மிஸஸ் அந்தோணிசாமி என்பார்கள். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது, காலியாக விடக் கூடாது என்றார்கள், அப்பா பெயரைப் போட்டேன். ஆக, செத்துப்போன வெல்டர் ஒருவருக்கு அயர்லாந்தில் தினமும் குட்மார்னிங் கிடைக்கிறது. வந்த புதிதில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் எல்லோரும் 'கிராண்ட்' என்று சொல்வதைக் கேட்டு, எவ்வளவு பெருமை பீற்றிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். சுமாராக இருக்கிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தமாம். இப்போது நானும் கிராண்ட் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ரோஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோடு பக்கம் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். தங்கராசு அண்ணனோடு எங்கே போராட்டம் என்றாலும் போய்விடுவாள். பாட்டு மட்டும் என்னிடம் கேட்பாள். "அக்கா, நாலு வரி எழுதிக் குடு" என்று செய்தி வரும். நான் வேலை முடிந்து காரில் உட்கார்ந்து, மெட்டோடு பாடிக் குரல்பதிவாக அனுப்புவேன். எனக்கு மிச்சமிருந்த ஊர் அந்த நாலு வரிதான்.

போன மார்கழியில், ஏகாதசிக் கூட்டம் வருமுன் தெருக்களைச் சுத்தம் செய்கிற அவசரத்தில், ஸ்ரீரங்கத்தில் செல்வராஜ் என்ற துப்புரவுத் தொழிலாளியைப் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கினார்கள். இடுப்பில் கயிறு இல்லை, முகத்தில் முகமூடி இல்லை. இறக்கிய ஒப்பந்தக்காரர் மூடிக்குப் பக்கத்திலேயே நின்று போன் பேசிக்கொண்டிருந்தாராம். செல்வராஜ் வெளியே வரவில்லை. அவருடைய பெரிய பெண் ரோஸின் வகுப்பில் படிக்கிறாள். பிணத்தை வாங்க மாட்டோம் என்று சனம் ரோட்டில் உட்கார்ந்தது.

"அக்கா, நாளைக்குக் காலைல வேணும்" என்றாள் ரோஸ்.

அன்று எனக்குப் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருக்க, ஒரே மூச்சில் பாடினேன்.

மூடியத் தொறந்தது யாரு?
மூச்ச அடச்சது யாரு?
கயிறு கட்டாம எறக்கி விட்ட
கருணைப் பிரபு அது யாரு?

இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு அடிக்கு இடம் விட்டு, வாயை மூடியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. அந்த ஒப்பந்தக்காரரின் பெயரை நானே பாடினேன். மூன்று சரணம், மூன்று முறை. இனிஷியலோடு.

ஏன் அப்படிச் செய்தேன் என்று ஐந்து மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோபம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அந்தக் காரில் பதில் சொல்ல யாரும் இல்லை. பதிமூன்று வருஷமாகச் சனம் இல்லாமல் தனியாகவே பாடிப் பாடி, சனத்தின் பங்கையும் சேர்த்து நானே பாடுகிற பழக்கம் வந்துவிட்டது. அது பழக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்று பாடிய ஒருத்தியும் அப்படிப் பாட மாட்டாள்.

4

காலையில் என் பதிவைப் பார்த்தபோது ரோஸ் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு வரியைக் கேட்டாள், மெட்டு பிடிபட்டது, மிச்சத்தை வழியில் கேட்டுக்கொள்ளலாம் என்று தன் போனில் சேமித்துத் தன் பெயரிலேயே குழுவுக்கு அனுப்பிவிட்டாள். அக்கா எங்கே நிறுத்துவாள் என்று அவளுக்கா தெரியாது? கேட்டுப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லையாம். குழுவில் ஒருவர் செல்வராஜின் போட்டோவை அதில் ஒட்டி வெளியே விட்டார். மதியத்துக்குள் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒலித்தது. ரோட்டில் உட்கார்ந்திருந்த சனம் அதைக் கேட்டு அழுததாகத் தங்கராசு அண்ணன் சொன்னார்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கே போலீஸ் வந்தது. அவதூறு, கொலை மிரட்டல், கலவரத்தைத் தூண்டுதல். போனை நீட்டிப் போட்டுக் காட்டி, "இது யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். ரோஸ் அப்போதுதான் முதல்முறையாக அந்தப் பதிவை முழுசாகக் கேட்டிருக்கிறாள். பெயர் வந்த இடத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என் குரல்தான் சார்" என்றாள்.

அதை யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் இருவர் குரலும் அப்படி. அம்மா இருந்தவரை, போனில் யார் பேசினாலும் "பெரியவளா, சின்னவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசும். போலீஸ் வருவதற்குள் போராட்டத்தில் வந்த செய்திகளை அழித்து வைப்பது ரோஸின் பழைய வழக்கம். அன்றைக்கும் மதியமே என்னுடையதை அழித்துவிட்டிருந்தாள். பதினோரு நாள் சிறையில் இருந்தாள். ஜாமீனில் வந்த பிறகு தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. பள்ளியில் தற்காலிக நீக்கம் என்று கடிதம் கொடுத்தார்கள். வழக்கில் தண்டனை வந்தால் அந்தத் தற்காலிகம் நிரந்தரம் ஆகிவிடும்.

செல்வராஜை இறக்கியவர் மேல் போட்ட வழக்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள். அது விசாரணையில் இருக்கிறது. பாட்டு வழக்குதான் வேகமாக நடக்கிறது.

வெளியே வந்ததும் ரோஸ் போன் செய்தாள். நான் அழுதுகொண்டே, "நான் சொல்லிடறேன்டி, நான்தான்னு சொல்லிடறேன்" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு இரு. அந்த நேரத்துல மூடாம இப்ப என்ன?" என்றாள். அவ்வளவுதான் அவள் என்னைத் திட்டியது. அந்த ஒரு வரியைத் தினமும் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்குகிறேன்.

நானும் வாயை மூடிக்கொண்டேன். தங்கை சொன்னாள் என்பதற்காக மட்டும் இல்லை, பயம்தான். என் பெயரில் வழக்கு வந்தால் பாஸ்போர்ட் கிடைக்காது. பாஸ்போர்ட் இல்லாமல் இங்கே தங்கும் அட்டையைப் புதுப்பிக்க மாட்டார்கள். அட்டை இல்லாமல் வேலை இல்லை. அருளுக்குப் பதினேழு வயது, ஜூனில் பள்ளியிறுதிப் பரீட்சை, அப்பா இல்லாத பிள்ளை. எத்தனையோ பேர் எப்போதோ இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். நான் வாங்கவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட மனசு வரவில்லை. நான் இன்னும் ஊரை விடவில்லை என்று சொல்லிக்கொள்ள என் கையில் இருந்த ஒரே அத்தாட்சி அது.

5

சித்திரையில் குரல் பரிசோதனை நடந்தது. கோர்ட் உத்தரவின் பேரில் ரோஸை ஒரு அறையில் உட்கார வைத்து, அதே பாட்டை மைக்கில் பாடச் சொன்னார்கள். பாடினாள். பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"சொல்லும்மா" என்றாராம் அதிகாரி.

"வரலைங்க சார்."

"அதான் பாட்டுல இருக்கே, சொல்லு."

நாலு முறை நிறுத்தியிருக்கிறாள். இருபத்தைந்து வருஷப் பழக்கம், வாய் தானாக மூடிக்கொண்டதாம். கடைசியில் ஒரு காகிதத்தில் பெயரை எழுதிக் கொடுத்து, பத்திரிகை வாசிப்பதுபோல வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். இதை அவள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது. அம்மா ஏமாறலாம், மெஷின் ஏமாறாது, இது வேறு குரல் என்று அறிக்கை வந்துவிடும், வழக்கு தானாக உடையும் என்று நினைத்தேன். யாரையும் காட்டிக் கொடுக்காமல், நானும் மாட்டாமல், விஞ்ஞானம் எங்கள் இருவரையும் காப்பாற்றும் என்று ஜெபம்கூடச் செய்தேன். இதைவிடக் கேவலமான ஜெபத்தை நான் செய்ததில்லை. அறிக்கை வந்தது. இரண்டு பதிவிலும் ஒரே குரல்.

ரோஸின் வக்கீல் எனக்குத் தனியாகப் போன் செய்தார். கலைவாணி என்று பெயர், என்னைவிட இளையவர். அவரிடம் மட்டும் ரோஸ் உண்மையைச் சொல்லியிருந்தாள்.

"அக்கா, ஒளிக்காம சொல்றேன். இப்ப கேஸ் மொத்தமும் அந்த ரிப்போர்ட் மேலதான் நிக்குது. நீங்க மெயில்ல எழுதறதோ வீடியோல பேசறதோ செல்லாது. தங்கச்சியக் காப்பாத்தப் பொய் சொல்றாங்கன்னு தள்ளிடுவாங்க. நீங்க நேர்ல வந்து, கோர்ட்ல நின்னு, என் குரலையும் எடுங்கன்னு கேக்கணும். அதுவும் ஒத்துப்போச்சுன்னா அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பே இல்லாம போயிடும்."

"வந்தா திரும்பி வர முடியுங்களா?"

"அதுக்கு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாதுக்கா. கேஸ் உங்க மேல திரும்பும். ஜூன் ரெண்டாவது வாரம் விசாரணை. அதுக்குள்ள முடிவு பண்ணுங்க."

அப்போது என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. செல்வராஜ் சாவதற்கு முந்தின வாரம் புதுப்பிக்கத் தூதரகத்துக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன். ஊர் விலாசத்தில் போலீஸ் விசாரணை முடிய வேண்டும் என்று மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. "பாஸ்போர்ட் கையில் இல்லை, எப்படி வருவேன்?" என்று வக்கீலிடம் சொன்னேன். சொல்லும்போது மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்க மாட்டேன். அந்த நிம்மதிதான் என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக மோசமான விஷயம்.

6

என் ஊர் விலாசம் என்பது ரோஸின் வீடு. ஆகவே என்னைப் பற்றி விசாரிக்க வேண்டிய ஸ்டேஷன், ரோஸ் தினமும் போய்க் கையெழுத்துப் போடும் அதே ஸ்டேஷன். இரண்டு வாரத்துக்கு முன், என் மதிய இடைவேளையில் ரோஸ் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம்.

"அக்கா, உன் பாஸ்போர்ட்டுக்கு ஏட்டு வந்துட்டுப் போறாரு. நான் டெய்லி கையெழுத்துப் போடுறேன்ல, அந்த நோட்டு வச்சிருக்கிற அதே ஆளு."

"ஐயோ. என்ன கேட்டாரு?"

"உக்காருங்கன்னு சொல்லி டீ குடுத்தேன். உங்க அக்கா பேர்ல கேஸ் கீஸ் இருக்கான்னாரு. இல்லைங்கன்னேன். ஆளு எப்படின்னாரு. ரொம்ப அமைதிங்க, வேலை உண்டு வீடு உண்டுன்னு இருக்கும்னேன். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, 'அவங்களும் உங்கள மாதிரி பாடுவாங்களா?'ன்னு கேட்டாரு."

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

"நீ என்னடி சொன்ன?"

"அவளுக்குப் பாட்டே வராதுங்க சார்னேன். சின்ன வயசுல சர்ச்ல நிக்கிறப்பகூட சும்மா வாயை அசைப்பா, அவ்ளோதான்னேன். அதையும் எழுதிக்கிட்டாருக்கா." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிப்பு நடுவில் திடீரென்று நின்றது. "இன்னும் ஒரு மாசத்துல உன் பாஸ்போர்ட் வந்துடும். அருள் பரீட்சையப் பாரு" என்றாள்.

எனக்கு முதல் பாட்டு சொல்லிக் கொடுத்தது பாடகர் குழுவின் சிஸ்டர். என் முதல் பாட்டைக் கேட்டது ரோஸ். ஒரே பாயில் படுத்துக்கொண்டு, எதிரொலிபோல நான் பாடியதைத் திருப்பிப் பாடிப் பாடித்தான் அவளுக்கு என் குரல் வந்தது. அவள் வாயாலேயே எனக்குப் பாட்டு வராது என்று சொல்ல வைத்துவிட்டேன்.

7

அருளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவனுக்கும் எனக்கும் இடையில் இப்போது பேச்சு குறைவு. நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான், அதுவும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஊருக்குக் கூப்பிட்டால் வெயில் என்பான். பிள்ளை கையை விட்டுப் போய்விட்டான் என்றே நினைத்திருந்தேன்.

போன வாரம் சமையலறைக்கு வந்து, போனை மேஜைமேல் வைத்து எதையோ தட்டினான். என் குரல் கேட்டது. மூடியத் தொறந்தது யாரு.

"இது எங்கேர்ந்துடா?"

"யூட்யூப்ல இருக்கு. சித்தி பேர் போட்டுத் தேடினேன். சித்தி ஃபோட்டோ போட்டிருக்காங்க." ரொம்ப நாளைக்குப் பிறகு தமிழில் பேசிக்கொண்டே பாட்டை நிறுத்தினான். "ஆனா இது சித்தி இல்ல. நீ."

"ரெண்டு பேர் குரலும் ஒண்ணுடா. பாட்டிக்கே தெரியாது."

"அம்மா, சும்மா இரு. 'கயிறு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி மூக்குல ஒரு மூச்சு வருது பாரு. கார்ல என்னை ஸ்கூலுக்குக் கொண்டு விடறப்ப நீ டெய்லி பாடுவ. நான் பின் சீட்ல உக்காந்து அந்த மூச்சுக்கு வெயிட் பண்ணுவேன். அடுத்த லைன் வரப்போகுதுன்னு தெரியும்." மறுபடி போட்டான். எனக்குக் கேட்காத மூச்சு அவனுக்குக் கேட்டது. "இது யாருக்குமே தெரியலையா?"

என்னைப் பெற்றவளுக்குத் தெரியவில்லை, போலீஸுக்குத் தெரியவில்லை, மெஷினுக்குத் தெரியவில்லை. தமிழ் எழுத்தைக் கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாத இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டான். "சித்தி உனக்காக ஜெயில்ல இருந்தாங்களா?" என்றான்.

"ஆமா."

"எனக்காகவா நீ போகல?"

அவன் மேல் அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஏற்றிவிட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு நாள் கழித்து, படிக்கட்டில் நின்றுகொண்டு, "போனா திரும்பி வருவியா?" என்று கேட்டான். "தெரியலப்பா" என்றேன். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறான், தட்டைக் கழுவி வைக்கிறான், போய்விடுகிறான்.

8

செவ்வாய்க்கிழமை கூரியரில் பாஸ்போர்ட் வந்தது. ரோஸ் சொன்ன ஒரு மாதம்கூட ஆகவில்லை. பத்து வருஷத்துக்குப் புதுசு, பசை வாசனையோடு. என் நன்னடத்தைக்குப் போலீஸே சாட்சி. புகைப்படத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

இடைவேளையில் காரில் போய் உட்கார்ந்து ரோஸைக் கூப்பிட்டேன்.

"வந்துடுச்சு. நான் கிளம்பறேன்."

"வேணாங்க்கா."

"கலைவாணி சொல்லிட்டாங்க, நான் வந்தாதான்..."

"நான் போலீஸ்கிட்ட பொய் சொல்லியிருக்கேன். நீ வந்தா அதுவும் வெளிய வரும். அந்தப் புள்ள இங்கிலீஷ் பேசற ஊர்ல தனியா நிக்கும். ரெண்டு பேரும் உள்ள போயி என்னத்தப் பண்றது? ஒருத்தியாவது வெளிய இரு."

"பேர நான்தானடி பாடினேன்."

"தெரியும்."

பாட ஆரம்பித்தேன். யோசித்துச் செய்யவில்லை, தானாக வந்தது. மூடியத் தொறந்தது யாரு. ரோஸ் இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டாள். போனில் இரண்டு குரலும் ஒன்றாகி, எது எனது என்று எனக்கே தெரியவில்லை. கயிறு கட்டாம எறக்கி விட்ட கருணைப் பிரபு அது யாரு.

இந்தமுறை நான் நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம், ஏழு வயதில் கற்றுக்கொண்டபடி. சனம்தானே சொல்ல வேண்டும்? அங்கே அவள் வீட்டில் சனம் இல்லை. வழக்கு வந்த பிறகு அந்தப் படியேற எல்லோருக்கும் பயம். இங்கே என் காரிலும் யாரும் இல்லை. தங்கராசு அண்ணன் தப்பைத் தொட்டு மூன்று மாதமாகிறது. பதில் வரவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரோஸ் தேம்பும் சத்தம் கேட்டது. ஸ்டேஷனிலும் சிறையிலும் அழாதவள்.

"வராதக்கா" என்றாள்.

"வரேன்டி" என்றேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். அருள் முதல் பரீட்சை எழுதும் நேரத்தில் நான் விமானத்தில் இருப்பேன். பக்கத்து வீட்டு மலையாள நர்ஸ் அவனுக்குச் சோறு போடுகிறேன் என்றிருக்கிறாள். நேற்று அவன் அறைக் கதவுக்கு வெளியே நின்று தேதியைச் சொன்னேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. திறக்கும் வரை நிற்க நினைத்தேன், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது நான் திருச்சியில் இருப்பேன். அந்த ஒப்பந்தக்காரர் பெயரை இங்கே எழுதவில்லை, பார்த்திருப்பீர்கள். பயந்து அல்ல. அது நீங்கள் சொல்ல வேண்டியது, உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வேண்டிய பெயர் வேறு. அந்தக் குரல் ரோஸ்லினுடையது அல்ல. ஜெசிந்தா, அந்தோணிசாமியின் மூத்த மகள், திருவெறும்பூர். அவளுக்குப் பாட்டு வராது என்று ஸ்டேஷனில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் திருத்தச் சொல்லிக் கேட்க வருகிறேன்.